குனிந்தே கிடக்கும் முதுகுக்கு எந்தப் பயிற்சி?

மரக்காணத்தைத் தாண்டும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் உப்பளப் பாத்திகள் கண்ணைக் கூச வைக்கும். இருட்டோடு இறங்கி, பலகையால் உப்பை வாரிக் கரையேற்றுகிறவர்கள் வெயில் ஏறுவதற்குள் பாதி வேலையை முடித்திருப்பார்கள். அதே சாலையில் புதுச்சேரிப் பக்கம் விரையும் கார்களில், சுருட்டிய பாயோடு உடற்பயிற்சி வகுப்புக்குப் போகிறவர்களும் உண்டு. இவர் குனிந்து கூலி வாங்குகிறார். அவர் காசு கொடுத்துக் குனிகிறார். மன அழுத்தம் இருவருக்கும் இருக்கிறது. மருந்தும் ஒன்றாகவே இருக்குமா என்பதுதான் கேள்வி.

இப்போது எங்கு திரும்பினாலும் பிலாட்டீஸ் பேச்சு. (பைலேட்ஸ் என்று சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.) 1883இல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டீஸின் பெயர் அது. முதல் உலகப்போர் வெடித்தபோது இங்கிலாந்தில் இருந்ததால், எதிரி நாட்டவர் என்று பிடித்து முகாமில் அடைத்தார்கள். பின்னாளில் நியூயார்க்கில் புகழ்பெற்ற அவருடைய முறை, அந்த முள்வேலிக்குள் இருந்த காலத்தில் வளர்ந்தது என்பார்கள். அவர் அதற்கு வைத்த பெயர் வேறு: ‘கண்ட்ராலஜி’. உடலை மனத்தின் பிடிக்குள் கொண்டுவருவது என்று பொருள் கொள்ளலாம்.

அழுத்தத்துக்கு அது உதவுவதும் அந்தப் பிடியால்தான். விலா விரிய மூக்கால் மூச்சிழுத்து, வயிற்றை உள்ளே ஏந்தியபடி வாயால் விடவேண்டும், முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகத் தரையில் இறக்கவேண்டும், எண்ணிக்கையும் தவறக்கூடாது. ‘ஹண்ட்ரட்’ என்ற பயிற்சியில் ஐந்து எண்ணி இழுத்து, ஐந்து எண்ணி விட்டு, பத்துச் சுற்றில் கையை நூறு முறை மேலும் கீழும் அசைக்கவேண்டும். இத்தனையும் நடக்கும்போது நாளைக்குக் கட்டவேண்டிய தவணையை நினைக்க மனத்துக்கு ஏது நேரம்? 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வும் பதற்றம், சோர்வு, மனத்தளர்ச்சி ஆகியவை பிலாட்டீஸால் குறைவதைக் காட்டியது. ஆனால் அதில் சேர்ந்தவை சிறு சிறு சோதனைகள். ஆகவே நம்பலாம், கொண்டாடவேண்டாம்.

இதற்கு எதிரே யோகாவை வைத்துப் பார்ப்போம். இந்தக் கரையில் அதற்குப் பஞ்சமில்லை. புதுச்சேரியில் சுவாமி கீதானந்தா நிறுவிய ஆனந்த ஆசிரமம் 1968 முதல் இருக்கிறது. சென்னையில் தேசிகாச்சார் 1976இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம், பயிற்சியை ஆளுக்கேற்ப மாற்றிக் கொடுப்பதற்குப் பெயர் பெற்றது. யோகாவில் அசைவுக்கு நடுவே ஓய்வு வரும்; சவாசனத்தில் ஒன்றுமே செய்யாமல் கிடக்கவேண்டும். சிலருக்கு அதுவே வரம். சிலருக்கோ அந்தப் பத்து நிமிடத்தில்தான் எல்லாக் கவலையும் வரிசை கட்டி வரும். நான் இரண்டாவது ரகம். அப்படிப்பட்டவர்கள் பிலாட்டீஸில் தொடங்குவது நல்லது. பதற்றம் வந்தாலே வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் பழக்கமுள்ளவர்களுக்கு நான் யோகாவைத்தான் சொல்வேன். ஏற்கெனவே இறுகிய வயிற்றை இன்னும் உள்ளே இழுக்கச் சொல்வதில் என்ன நியாயம்? இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் மூச்சை நெடுநேரம் அடக்கும் பயிற்சிகளை விட்டுவிடவேண்டும்.

உப்பளத்தில் வேலை செய்கிறவருக்கு? இங்கேதான் வழக்கமான அறிவுரை இடறுகிறது. தரையில் செய்யும் பிலாட்டீஸில் பாதிக்கு மேல் முன்பக்கம் சுருளும் அசைவுகள். படுத்த நிலையிலிருந்து சுருண்டு எழுவது, பந்தாக உருளுவது, காலை நீட்டிக் குனிவது என்று போகும். நாள் முழுக்கக் குனிந்து வாரிய முதுகுக்கு மறுபடி குனிவா? அவருக்குத் தேவை எதிர்த்திசை. குப்புறப் படுத்து மார்பைத் தூக்கும் ‘ஸ்வான்’, நீந்துவதுபோல் கைகாலை மாற்றி மாற்றி உயர்த்தும் ‘ஸ்விம்மிங்’, யோகாவென்றால் புஜங்காசனம். அதற்கும் முன்னால் பத்து நிமிடம் நிழலில் காலை மேலே தூக்கி வைத்துப் படுப்பது. எலும்பு தேய்ந்த வயதானவர்களுக்கு முன்சுருளும் பயிற்சிகள் எப்போதுமே வேண்டாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அளத்துக்காரர் அழுத்தத்தில் பெரும்பங்கு முதுகில் இல்லை, வானத்தில் இருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையையொட்டிக் கடந்தபோது உப்பளங்கள் வெள்ளக்காடாயின. வழக்கமான ஆண்டிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை நின்றுபோகும். அரசு தரும் மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய். இந்தக் கவலையை எந்தப் பாயும் தீர்க்காது. தூக்கத்தைக் கொஞ்சம் மீட்டுத் தரும், அவ்வளவே. இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இருண்டே கிடந்தால் வகுப்பைத் தேடாமல் மருத்துவரைப் பார்க்கவேண்டும். அரசின் டெலி மானஸ் எண் 14416இல் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

நாற்காலிக்காரர்களுக்கு, அதாவது அலுவலக ஊழியர், ஓட்டுநர், கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு, பிலாட்டீஸ் நன்றாகப் பொருந்தும். ஸ்பிரிங் வைத்த ‘ரிஃபார்மர்’ கருவியில் செய்வது சுகமாகத்தான் இருக்கும்; ஆனால் அதற்கு ஊர் விட்டு ஊர் போகவேண்டும். வகுப்புக்குப் பறந்தடித்து வண்டி ஓட்டி, வந்த அழுத்தத்தைவிடக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு திரும்பியவனாகச் சொல்கிறேன்: தரைப் பயிற்சியே போதும். நாலைந்து முறை ஆசிரியர் நேரில் திருத்திய பிறகு கைப்பேசியைப் பார்த்துச் செய்யலாம். உங்களுக்கு என்ன வேலை, எங்கே வலி என்று முதல் நாளே ஆசிரியர் கேட்கிறாரா என்பதைக் கவனியுங்கள்.

பாயே வேண்டாம் என்பவர்களுக்கு நடை இருக்கிறது. கடற்கரையில் ஈரமணல் பக்கம் நடக்கலாம். 2021இல் பறவைகள் சரணாலயமான கழுவேலி பக்கம் போனால் பறவைகளை எண்ணிக்கொண்டே நடக்கலாம். பிலாட்டீஸ் எண்ணிக்கை செய்யும் வேலையை அது செய்துவிடும். பாத்தி வரப்பில் மட்டும் கேட்காமல் ஏறாதீர்கள், அது ஒருவர் வேலை செய்யும் இடம்.

எதையும் செய்ய நேரமில்லாதவருக்கும் ஒன்று உண்டு. 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், மூக்கால் இருமுறை இழுத்து வாயால் நீளமாக விடும் மூச்சைத் தினம் ஐந்து நிமிடம், ஒரு மாதம் செய்தவர்களின் மனநிலை, தியானம் செய்தவர்களைவிட நன்றாகத் தேறியது. பேருந்துக்குக் காத்திருக்கும்போதே செய்துவிடலாம்.

எதை எடுத்தாலும் மூன்று வாரம் விடாமல் செய்துவிட்டுத் தூக்கம் எப்படி என்று பாருங்கள், எடையைப் பார்க்காதீர்கள். தொடங்கும் மாதத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். புரட்டாசியில் நடையைப் பிடித்தவர்களுக்கு ஐப்பசி மழையில் கரை கிடைக்காது. அப்போது வீட்டுக்குள் விரிக்க ஒரு பாயாவது இருக்கட்டும்.