பதினாறு வயதில் விழுந்த வழக்கு

அன்புள்ள கார்த்திக்,

உன் கடிதம் வந்தது. பதினாறு வயதில் தெருச்சண்டை வழக்கில் சிக்கி, கூர்நோக்கு இல்லத்தில் இருந்து, நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையையும் முடித்து வெளியே வந்த உன் நண்பன், வேலை விண்ணப்பத்தில் ‘குற்ற வழக்கு ஏதும் உண்டா?’ என்ற கேள்வியைப் பார்த்துத் திகைத்து நிற்கிறான் என்று எழுதியிருந்தாய். சட்டம் அவன் பக்கம்தான் நிற்கிறது. அது எவ்வளவு தூரம் வரும் என்பதை அவன் தெரிந்துகொள்ள வேண்டும்.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 24-ஆம் பிரிவைப் படிக்கச் சொல். பதினெட்டு வயதுக்குள் செய்த குற்றத்தால் பின்னாளில் எந்தத் தகுதியிழப்பும் வரக்கூடாது. அந்தத் தண்டனைப் பதிவுகளை அழிக்க இளைஞர் நீதிக் குழுமம் உத்தரவிட வேண்டும். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி, மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை அல்லது 7 ஆண்டுகள்வரை அவற்றைப் பத்திரமாக வைத்திருக்கலாம், அதற்குமேல் கூடாது. பதினாறு வயது நிரம்பியவர் கொடுங்குற்றம் செய்து, குழந்தைகள் நீதிமன்றம் அவரைப் பெரியவராகக் கருதி விசாரித்துத் தீர்ப்பளித்தால் மட்டும் பதிவு நிற்கும். அந்த விலக்கு நியாயமானது என்றே நினைக்கிறேன். உன் நண்பனின் வழக்கு அந்த வகையில் சேராது. முடிந்துபோன சிறார் வழக்கை நன்னடத்தைச் சான்றுக்காகக்கூடப் போலீஸ் வெளியே சொல்லக்கூடாது என்கிறது 74-ஆம் பிரிவு. அதே பிரிவின்படி, சிறாரின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிட்டால் 6 மாதம்வரை சிறை, 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும்.

சிக்கல் என்னவென்றால், ஒரே வழக்குக்கு ஸ்டேஷனில் ஒரு கோப்பு, குழுமத்தில் ஒரு கோப்பு, இல்லத்தில் ஒரு கோப்பு. கேட்காமல் விட்டால் அவை கிடந்தபடியே கிடக்கும். குழுமத்துக்கு மனு எழுதி, இறுதி உத்தரவின் நகலை வாங்கி, அழிக்கும் உத்தரவு போடப்பட்டதா என்று அவன் கேட்க வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகட்டும். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே கட்டணமில்லை.

படிவத்தில் அவசரப்பட்டு எதையும் எழுதிவிட வேண்டாம். சரிபார்ப்புப் படிவத்தில் வழக்கை மறைத்தவர்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2016-இல் அவதார் சிங் வழக்கில் விரிவாகப் பேசியிருக்கிறது. இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்ததை மன்னிக்கலாம் என்றது. எல்லா மறைப்பையும் மன்னிக்கவில்லை. அதனால் உத்தரவு நகலை ஒரு வக்கீலிடம் காட்டி, கேள்வியின் சரியான வாசகத்தைப் படித்துப் பார்த்தபிறகே அவன் பதில் எழுத வேண்டும்.

பழைய பதிவு அழிய வேண்டும் என்பதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நீ உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளை. ரேகைச் சட்டம் என்று உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பாய். அவர்கள் சொல்வது குற்றப் பரம்பரைச் சட்டத்தை. அதன் கீழ், ஒரு குற்றமும் செய்யாத ஆண்களையும் பிறந்த சாதிக்காகவே பதிவேட்டில் ஏற்றி, விரல்ரேகை எடுத்து, ராத்திரியில் ஸ்டேஷனில் வந்து படுக்கச் சொன்னார்கள். அந்தப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டு ஊரார் பலர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல்தான் ஒழிந்தது. அடுத்த ஆண்டே வழக்கமான குற்றவாளிகள் என்ற பெயரில் வேறொரு சட்டம் வந்தது. பதிவேடு திறப்பதில் அரசுக்கு இருக்கும் சுறுசுறுப்பு அதை மூடுவதில் இருப்பதில்லை.

பதினெட்டு வயதுக்குப் பிறகு தண்டனை பெற்றவர்களின் நிலை இன்னும் மோசம். நீதிமன்றம் 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி விடுவித்தால் தகுதியிழப்பு நீங்கும். மற்றபடி, இருபது வயதில் சிறை போய்த் திருந்தி, நாற்பது வயதுவரை ஒழுங்காக வாழ்ந்தவருக்குக்கூடப் பழைய தண்டனையைக் காலாவதியாக்கும் பொதுச் சட்டம் இந்தியாவில் கிடையாது. இங்கிலாந்தில் 1974-இலேயே அப்படியொரு சட்டம் வந்துவிட்டது. நமக்கும் அது வேண்டும். பாலியல் வன்குற்றம் போன்றவற்றை விலக்கிவைத்து எழுதலாம். எழுதாமலே இருப்பது அநியாயம்.

விண்ணப்பத்தின் கடைசித் தேதி எப்போது என்று உடனே எழுது. குழுமத்துக்கான மனுவை நானே எழுதித் தருகிறேன். வழக்கு எண்ணும் ஸ்டேஷன் பெயரும் மட்டும் வேண்டும்.

அன்புடன்,
மாமா