பழைய மரத்தின் பூர்வீகம்



பின்லாந்தில் தச்சு வேலை பழகி, வீட்டுக் கொல்லையில் ஒரு சின்ன விறகடுப்புச் சௌனாவை முழுக்க இடிப்பு மரத்திலேயே கட்டிவிடுவது என்று கிளம்பியிருக்கிறீர்கள். நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். பழைய மரத்தை அழகு பார்த்து எடுக்காதீர்கள், பூர்வீகம் கேட்டு எடுங்கள். எங்கே கிடந்தது, என்ன வேலை செய்தது, அதில் எதைப் பூசினார்கள் என்று தெரியாத பலகைக்கு வெப்ப அறைக்குள் இடமில்லை. மாட்டுக்கொட்டகைக்கோ தோட்டத்து அறைக்கோ இவ்வளவு கண்டிப்பு வேண்டாம். சௌனாவில் காற்று 80, 90 டிகிரி செல்சியசுக்கு ஏறுகிறது. அந்தச் சூட்டில் உடுப்பில்லாமல் பலகைமேல் உட்கார்ந்து, சூடான கல்லில் ஊற்றிய தண்ணீரின் ஆவியை மூச்சோடு இழுக்கிறோம்.

பின்லாந்துக்காரர்கள் காலங்காலமாகப் பழைய மரத்தில்தானே கட்டினார்கள் என்று கேட்பீர்கள். உண்மைதான். மரக்கட்டை வீட்டைப் பிரித்து, கட்டைக்குக் கட்டை அடையாளமிட்டு, வேறிடத்தில் திரும்ப எழுப்புவது அங்கே பழைய வழக்கம். ஆனால் அந்தக் கட்டை எந்த வீட்டுடையது என்று ஊருக்கே தெரியும். மரத்துக்குள் ரசாயனம் ஏற்றும் பழக்கம் பரவியது பிறகுதான். செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த மரக்காப்புக் கலவையை 1933இல் உருவாக்கியவர் இந்தியரான சொந்தி காமேசம். கரையானையும் பூஞ்சையையும் அண்டவிடாத அந்தக் கலவை வேலிக்கம்பம், படகுத்துறை, வெளித்தளம் என்று உலகம் முழுக்க ஏறியது. வீட்டுப் பயன்பாட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடுத்தது 2004இல்தான். ஆகவே இன்று பிரித்துப் போடும் படகுத்துறையின் பலகை எந்தக் காலத்தது என்பது பெரிய கேள்வி. வெயிலிலும் மழையிலும் பச்சை நிறம் வெளுத்து, பார்க்கச் சொகுசான சாம்பல் நிறமாகியிருக்கும். முனையில் ஓரங்குலம் அறுத்துப் பாருங்கள். பைன் மரத்தின் வெளிவெள்ளையில் பச்சைச் சாயல் ஓடி, நடு வைரம் மட்டும் இயல்பான நிறத்தில் இருந்தால் விஷயம் முடிந்தது. பச்சை தெரியவில்லை என்பதாலேயே அது சுத்தமான மரம் என்றும் ஆகிவிடாது. இழைத்தால் போகாதா என்றால், அழுத்தம் கொடுத்து ஏற்றியது மேல்தோலோடு நிற்பதில்லை. ரயில் பாதைக் கட்டையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், சூடு பட்டால் அதில் ஏற்றிய கிரியோசோட் என்ற தார் எண்ணெய் கசியும். சரக்குப் பலகைத் தட்டில் எச்.டி. என்ற முத்திரை இருந்தால், பூச்சி சாக மரத்தைச் சூடாக்கினார்கள் என்று மட்டுமே பொருள். அதன்மேல் என்ன கொட்டியது என்று எந்த முத்திரையும் சொல்லாது.

செலவு கட்டுப்படியாகுமா என்ற கேள்வி நியாயமானது. அதற்காகத்தான் பழைய மரத்தை ஒதுக்கச் சொல்லாமல் இடம் மாற்றச் சொல்கிறேன். சட்டம், கூரை, வெளிச்சுவர், உடை மாற்றும் அறை எல்லாம் நல்ல இடிப்பு மரத்தில் ஆகட்டும். மரத்தில் பெரும்பங்கு அங்கேதான் போகிறது. உட்காரும் பலகைக்கு மட்டும் புதிய ஆஸ்பனோ ஆல்டரோ வாங்குங்கள். அவற்றில் பிசின் இல்லை, சூட்டையும் தோலுக்குச் சட்டென்று கடத்தாது. பூர்வீகம் நன்றாகத் தெரிந்த பைனானாலும் கணுவில் பிசின் இளகி ஒட்டும். பழைய மரத்துக்குள் முறிந்து கிடக்கும் ஆணித்தலை ஒன்று போதும், தொடை பொத்துவிடும். காந்தத்தை ஓட்டித் தேடிவிட்டு வாளை எடுங்கள். புதுப் பலகைக்கும் திருகாணியை அடியிலிருந்தே முடுக்குங்கள்.

புகைக்குழாயைச் சுற்றி விடவேண்டிய இடைவெளியில் மட்டும் பேரமே கூடாது. ஆண்டுக்கணக்கில் சூடு பட்ட மரம், புதிதாக இருந்தபோது பற்றியதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றும். அடுப்போடு வரும் கையேட்டில் உள்ள அளவை அப்படியே விடுங்கள்.

கடைசியாக, வெட்டி மிஞ்சும் துண்டுகள். வேலை முடிந்ததும் அவற்றைத் தூக்கி அதே அடுப்பில் போடத்தான் கை போகும். பூர்வீகம் தெரியாத துண்டு எதையும் போடாதீர்கள். ஆர்சனிக் தீயில் அழிவதில்லை, கொஞ்சம் புகையில் போய் மீதி சாம்பலில் தங்கும். ஊர்க் கழிவு நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.