நஞ்சேறிய மண்ணும் நுண்ணுயிர்களும்

நம் காலடியிற் கிடக்கும் மண்ணை உயிரற்ற பொருளென எண்ணுவார் பலர். ஆயினும், ஒரு கைப்பிடி வளமண்ணில் எண்ணிலடங்கா நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. சருகு மட்கி எருவாவதும், காற்றிலுள்ள நைட்ரஜன் பயிர்க்கு உணவாவதும் அவற்றின் தொழிலே. ஆலைக் கழிவாலும் சாக்கடைக் கசடாலும் இம்மண்ணிற் காட்மியம், ஈயம், பாதரசம் முதலிய கன உலோகங்கள் சேருமாயின், இந்நுண்ணுயிர்கள் யாது செய்கின்றன? அவை பிழைத்துக்கொண்டால் மண்ணும் பிழைத்ததாகுமோ? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

உலோகம் யாவும் உயிர்க்குப் பகையல்ல. துத்தநாகம், செம்பு, நிக்கல் முதலியவற்றுள் மிகச் சிறிதளவு நுண்ணுயிர்கட்கும் வேண்டப்படும். அளவு மிகின் அவையே நஞ்சாம். ஈயமும் பாதரசமுமோ உயிர்க்கு யாதொரு பயனும் தாராதன. இத்தகைய உலோகங்கள் உயிரணுவினுட் புகுந்து, புரதங்களிலுள்ள கந்தகத்தைப் பற்றிக்கொள்கின்றன; வேறு உலோகத்திற்குரிய இடத்தைத் தாம் கவர்கின்றன. புரதம் உருக்குலையவே உயிர்த்தொழில் நின்றுவிடுகின்றது. எண்ணெய் முதலிய அழுக்குகளை நுண்ணுயிர்கள் சிதைத்து உண்ணுதல் கூடும். உலோகமோ தனிமம்; ஆதலின் அதனைச் சிதைத்தொழித்தல் எவ்வுயிர்க்கும் இயலாது. இவ்வுண்மையைக் கட்டுரை முடியுமளவும் மறவாதிருப்போமாக.

இனி, நஞ்சினிடையே வாழும் வழியைக் காண்போம். பெல்ஜியம் நாட்டில் லியேஜ் நகரையடுத்த எங்கிஸ் என்னும் ஊரில், துத்தநாக ஆலையொன்றன் கழிவுநீர் தெளியும் தொட்டியிற் படிந்த சேற்றிலிருந்து, 1976-ஆம் ஆண்டில் ஒரு பாக்டீரியம் பிரித்தெடுக்கப்பட்டது. மாக்ஸ் மெர்ஜே என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் அதனை ஆராய்ந்து 1985-இல் விளக்கினர். இக்காலத்து அதற்கு வழங்கும் பெயர் குப்ரியாவிடஸ் மெட்டாலிடூரன்ஸ் என்பது; பின்னிற்கும் சொல்லுக்கு 'உலோகத்தைத் தாங்குவது' என்பது பொருள். உலோகம் மிக்க வேறு நிலங்களிலும் இதன் இனத்தவை பின்னர்க் காணப்பட்டன.

இது நஞ்சை எங்ஙனம் தாங்குகின்றது? ஓட்டைப் படகிற் செல்வோர் புகும் நீரை ஓயாது இறைத்துக் கொட்டுதல்போல, உட்புகும் துத்தநாகம், காட்மியம், கோபால்ட் என்பவற்றை இது வெளியே தள்ளிக்கொண்டேயிருக்கின்றது. மூவகைப் புரதங்கள் ஒன்றுசேர்ந்து உள்ளுறையினின்று வெளியுறைவரை இதற்கொரு வழி சமைக்கின்றன. இவ்வேலைக்கு ஆற்றல் செலவாகும். வளர்ச்சிக்கு உதவவேண்டிய ஆற்றலிற் ஒரு பங்கு காவலுக்கே போய்விடுகின்றது.

வேறு வழிகளும் உள. சில நுண்ணுயிர்கள் உலோகத்தைத் தம் புறவுறையிலேயே ஒட்டி நிறுத்துகின்றன. சில, கந்தகம் மிக்க சிறு புரதங்களை ஆக்கி, அவற்றால் அதனைக் கட்டிவைக்கின்றன. பாதரசத்தைத் தாங்குவன ஒரு நொதியின் உதவியால் அதன் உப்பை ஆவியாகும் பாதரசமாக மாற்றிவிடுகின்றன. அவ்வாவி அணுவை விட்டகன்று காற்றிற் கலக்கின்றது. நுண்ணுயிர் தப்பிற்று; பாதரசமோ அழிந்திலது, இடம் பெயர்ந்தது.

இவ்வாற்றலை ஒவ்வொரு நுண்ணுயிரும் முயன்று கற்றுக்கொள்வதாக எண்ணுதல் தவறு. தாங்குந்திறன் இல்லாதன மடிகின்றன. முன்னரே அதனை உடையன எஞ்சிப் பெருகுகின்றன. அன்றியும், அத்திறனுக்குரிய ஜீன்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட் எனப்படும் தனி வளையங்களில் அமைந்துள்ளன. எங்கிஸ் பாக்டீரியத்தில் இத்தகைய பெரிய பிளாஸ்மிட்கள் இரண்டு உள. பிளாஸ்மிட்கள் ஒரு நுண்ணுயிரிலிருந்து மற்றொன்றிற்குச் செல்ல வல்லன. ஆகவே தந்தைவழிச் சொத்தாக மட்டுமன்றி, அயலார் ஈந்த கொடையாகவும் இத்திறன் பரவுகின்றது.

இதுகாறும் கூறியவற்றால் முதல் வினாவிற்கு விடை கிடைத்தது. இரண்டாம் வினாவிற்கு விடைதேடி இங்கிலாந்திலுள்ள வோபர்ன் பண்ணைக்குச் செல்வோம். அங்கு 1942 முதல் 1961 வரை, மணற்பாங்கான நிலத்திற் சில பாத்திகளுக்குச் சாக்கடைக் கசடும், வேறு சிலவற்றிற்குத் தொழுவெருவும் இட்டுப் பயிர் வளர்த்துப் பார்த்தனர். கசட்டோடு துத்தநாகம், செம்பு, நிக்கல், காட்மியம் என்பனவும் மண்ணிற் சேர்ந்தன. கசடிடுதல் நின்று இருபது ஆண்டுகள் கழிந்தபின் அப்பாத்திகளில் வெண்குளோவரைப் பயிரிட்டபோது அது செழிக்கவில்லை. தொழுவெரு இட்ட பாத்திகளிற் செழித்தது.

குளோவர் அவரைக் குடும்பத்தைச் சார்ந்தது. ரைசோபியம் என்னும் பாக்டீரியம் அதன் வேர்முடிச்சுகளில் தங்கி நைட்ரஜனைப் பற்றிக் கொடுத்தல் இயல்பு. கசடிட்ட மண்ணிலும் ரைசோபியம் இருக்கவே செய்தது. வேரில் முடிச்சுகளும் உண்டாயின. ஆனால், அங்கு எஞ்சியிருந்தது நைட்ரஜனைப் பற்றும் தொழிலில் வல்லமையற்ற வகையே என 1989-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. தொழில்செய்யும் வகை நஞ்சால் மறைந்தது. தொழில்செய்யாத வகை பிழைத்தது. மண்ணில் உயிர் உண்டு. பயிர்க்கு உதவி இல்லை.

இச்செய்தி நமக்கு அயலதன்று. நம் பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஊர்களைச் சூழ்ந்த மண்ணிற் குரோமியம் ஏறியுள்ளமை பலமுறை ஆராயப்பட்டது. அம்மண்ணிலும் குரோமியத்தைத் தாங்கும் பாக்டீரியங்கள் உள. அவற்றுட் சில கொடிய குரோமியத்தை நஞ்சு குறைந்த வடிவாக மாற்றவும் வல்லன. அத்திறனைப் பயன்கொள்ள முயல்வது நன்றே. எனினும், மாறிய பின்னரும் குரோமியம் மண்ணிலேயே கிடக்கின்றது.

ஆதலின், நஞ்சேறிய நிலத்தில் நுண்ணுயிர்கள் வாழ்வதைக் கண்டு, 'இயற்கை தானே அனைத்தையும் திருத்திக்கொள்ளும்' என்று நாம் வாளாவிருத்தல் தகாது. அவை தம்மைக் காத்துக்கொள்கின்றன. நம்மைக் காத்தல் அவற்றின் கடனன்று. மண்ணில் உலோகம் சேராமற் காப்பது மக்களாகிய நம் கடனேயாம்.