மின்சாரக் கார் லாபமா? எக்ஸெலில் கணக்குப் போடுவோம்

மின்சாரக் கார் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், முதலில் எக்ஸெலைத் திறந்து கொள்ளுங்கள் என்பேன். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பைப் பயன்படுத்தலாம். மூன்று லட்சம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்கும் முன் பத்து நிமிடம் உட்காருவதில் தவறில்லை.

ஏ நெடுவரிசையில் விவரம், பி-யில் பெட்ரோல் கார், சி-யில் மின்சாரக் கார் என்று வைத்துக் கொள்வோம். முதல் வரிசையில் விலையை டைப் செய்யுங்கள்: பி1-ல் 1000000, சி1-ல் 1300000. இரண்டாம் வரிசையில் ஆண்டுக்கு ஓட்டும் தூரம், இரண்டுக்கும் 10000. மூன்றில் லிட்டர் விலை 100, யூனிட் விலை 8. நான்கில் ஒரு லிட்டருக்கு 15 கி.மீ., ஒரு யூனிட்டுக்கு 7 கி.மீ. இவை உதாரணத்திற்கு நான் வைத்தவை. உங்கள் ஊர் விலையைப் போடுங்கள். செல்லில் எண் மட்டுமே இருக்கட்டும். "15 கி.மீ." என்று அடித்தால் அது எழுத்தாகிவிடும், பார்முலாவில் பிழைச் செய்தி வரும்.

இப்போது பி5-ல் =பி2/பி4*பி3 என்று ஆங்கில எழுத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். 66,667 வரும். அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு புள்ளியை மவுசால் பிடித்து சி5-க்கு இழுங்கள். பார்முலா தானாக சி-க்கு மாறி 11,429 காட்டும். பி6-ல் =(சி1-பி1)/(பி5-சி5). விடை 5.4. அதாவது கூடுதல் விலை திரும்பி வர ஐந்தரை ஆண்டுகள்.

சுவையான பகுதி இனிதான். இரண்டாம் வரிசையில் 20000 போட்டால் 2.7 ஆண்டு. 4000 போட்டால் 13.6 ஆண்டு! கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் வண்டி எடுப்பவருக்கு இது நஷ்டம் என்பேன். பல நிறுவனங்கள் பேட்டரிக்குத் தரும் உத்தரவாதமே 8 ஆண்டுகள்தானே. மீண்டும் 10000-க்கு வந்து, யூனிட் விலையை 20 ஆக்கிப் பாருங்கள். வெளியில் வேக சார்ஜரையே நம்பினால் 7.9 ஆண்டு. வீட்டில் சார்ஜ் செய்தாலும் இரண்டு மாதத்திற்குச் சுமார் 240 யூனிட் கூடும். மேல் படிக்கட்டணத்தையே கணக்கில் எடுங்கள். கடன் வாங்கினால், 9 சதவீதத்தில் அந்த மூன்று லட்சத்திற்கு முதல் ஆண்டு வட்டியே 25,000 ரூபாய்க்கு அருகில் வரும். மிச்சத்தில் பாதி போயிற்று.

அரசும் கை கொடுக்கிறது. மின்வாகன ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்டில் 12-லிருந்து 5 சதவீதமானது. பெங்களூரு 'ரேவா' 2001-ல் வந்தபோது இருந்தது ஈய-அமில பேட்டரி, இன்று லித்தியம்.

சுற்றுச்சூழல்? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. நம் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில் இருந்து வருவதால் யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ. ஏழாம் வரிசையில் பி7-ல் =பி2/பி4*2.3, சி7-ல் =சி2/சி4*0.7 போடுங்கள். 1533, 1000 கிலோ. குறைவுதான், ஆனால் பூஜ்யம் அல்ல. மாடியில் சோலார் இருந்தால் 0.7 இன்னும் குறையும்.

பைலை சேவ் செய்து, ஷோரூம் சொல்லும் விலை கைக்கு வந்ததும் பி1, சி1 இரண்டையும் மாற்றிப் பாருங்கள்.