தண்ணிக்குள்ள பொறுமையா இருக்கும் நெல்

ஐப்பசி மழையில தஞ்சாவூர் பக்கம் பஸ்ல போயிருக்கீங்களா? ரெண்டு பக்கமும் ஏரி மாதிரி தெரியும். ஏரி இல்லைங்க, சம்பா வயல்.

மூழ்கின நெல் ஏன் சாகுது? வெளிய தலை நீட்டணும்னு விறுவிறுன்னு உயரமா வளரும். அதுலயே சேமிச்சு வச்ச மாவுச்சத்து தீர்ந்துடும். தண்ணி வடிஞ்சதும் சாய்ஞ்சுடும். ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ என்ற நெல் அப்படி இல்லை. வளர்ச்சியை நிறுத்திட்டு, சுமார் 2 வாரம் அடியிலேயே கிடக்கும். இதற்குக் காரணம் சப்1ஏ என்ற மரபணு என்று 2006-ல் கண்டுபிடித்தார்கள்.

டெல்டாவுக்குப் பழக்கமான பொன்மணி, அதாவது சி.ஆர்.1009 ரகத்துக்குள்ள அந்த மரபணுவைக் கொண்டுவந்தாங்க. பேரு சி.ஆர்.1009 சப்1. மரபணு மாற்றுப் பயிர்னு நினைச்சுடாதீங்க (நானும் அப்படித்தான் நினைச்சேன்). சாதாரண மகரந்தக் கலப்புதான். பிறகு திரும்பத் திரும்பப் பொன்மணியோடயே கலந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் இலையில டி.என்.ஏ. எடுத்து, மரபணு வந்திருக்கிற செடியை மட்டும் வச்சுக்குவாங்க. ஒரு ப்ரோக்ராம்ல இருந்து ஒரே ஒரு ஃபங்ஷனை எடுத்து இன்னொண்ணுல சேர்த்து, மத்த கோடைத் தொடாம விடுற மாதிரி. ஆனா ஒவ்வொரு ரன்னுக்கும் ஒரு போகம் காத்திருக்கணும்!

பூக்கிற நேரத்துல வெள்ளம் வந்தா இந்த மரபணு காப்பாத்தாது. அப்போ வடிகால் வாய்க்கால் சரியா இருக்கணும். அது நம்ம சிவில் பசங்க வேலை.