உப்பளக் கரையில் ஞாயிறு பூசை: பெற்றோருக்குச் சில குறிப்புகள்

மரக்காணத்தில் உப்பு சீசன் சூடுபிடித்துவிட்டால் விடியுமுன்பே பாத்தியில் இறங்க வேண்டும். "பிள்ளைகள் மட்டும் கோயிலுக்குப் போகட்டும்" என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் அப்பா, அம்மா பக்கத்தில் முழந்தாளிடுவதைப் பார்த்துத்தான் பிள்ளை செபிக்கப் பழகுகிறது. மறைக்கல்வி வகுப்பெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஞாயிறு காலை முடியாதா? கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி சனிக்கிழமை மாலைப் பூசையும் ஞாயிறு கடனுக்குச் சரியே. உங்கள் பங்கில் உண்டா என்று முன்னதாக விசாரியுங்கள். இல்லையென்றால் ஒரு வாரம் அப்பா, மறுவாரம் அம்மா என்று முறை வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்தி ஓய்ந்திருக்கும்போது எல்லோரும் சேர்ந்தே போகலாம்.

வெறும் வயிற்றோடு இழுத்துப் போகாதீர்கள். நன்மை (நற்கருணை) வாங்குவதற்கு 1 மணி நேரம் முன்பு வரை சாப்பிடலாம். தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையே இல்லை. புதுநன்மை வாங்காத சின்னதுகளுக்கு அந்தக் கணக்கும் கிடையாது. பசித்த பிள்ளை பிரசங்கத்தையா கேட்கும்?

பீடம் தெரிகிற இடத்தில் உட்காருங்கள். குழந்தை சிணுங்கினால் வெளியே கொஞ்சம் நடத்திவிட்டு உள்ளே கூட்டி வாருங்கள். (செல்போனைக் கையில் திணிப்பது அதட்டுவதைவிட மோசம்.)

வீடு திரும்பும் வழியில் அன்றைய வாசகத்திலிருந்து ஒரே ஒரு கேள்வி. சீடர்களை இயேசு உப்பு என்று சொன்ன மத்தேயு 5ஆம் அதிகாரப் பகுதி, 3 ஆண்டுக்கு ஒருமுறை பிப்ரவரி ஞாயிறு ஒன்றில் வாசிக்கப்படும். நம் கரையில் உப்பு வேலை தொடங்கும் காலம் அது. சாரமற்ற உப்பை யார் வாங்குவார்கள் என்று கேட்டுப் பாருங்கள். உப்பளத்து வீட்டுப் பிள்ளைக்குப் பதில் தெரியும்.