மிச்சமாகும் நேரம் கைகளுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

பனியன் கம்பெனி ஒன்றுக்கு முதலுதவிப் பயிற்சி பற்றிப் பேசப் போனாய். "எல்லாத்தையும் வீடியோவாப் போட்டு ஃபோனுக்கு அனுப்பிடுங்க, பரீட்சையும் ஃபோன்லயே வெச்சு சர்டிபிகேட் குடுத்துடுங்க, லைன் மட்டும் நிக்கக் கூடாதுங்க" என்று சொன்னார்களாம். என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை என எழுதியிருந்தாய். திருப்பூரிலும் ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இந்தப் பயிற்சித் தொழிலுக்குப் புதிதாக வருகிற எல்லோரும் இன்று எதிர்கொள்ளும் கேள்வி இது. அதனால் உனக்கு எழுதுவதை மற்றவர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

ஆன்லைன் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே. பாடத்தில் பாதியை ஃபோனுக்குக் கொடு, மனமாரக் கொடு. அதனால் மிச்சமாகிற நேரம் உற்பத்திக்குப் போகாமல் தொழிலாளியின் கைகளுக்கு வந்து சேர வேண்டும். உன் பேரத்தில் நீ விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் அது ஒன்றுதான்.

நேரடிப் பயிற்சி என்ற பெயரில் இத்தனை காலம் நடந்ததை நீயும் பார்த்திருக்கிறாய். காலை முழுக்கத் திரையில் படம் காட்டிப் பேச்சு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேருக்குக் கண் சொருகும். நாலு மணிக்கு மேல் ஒரே ஒரு பயிற்சிப் பொம்மையைத் தரையில் போட்டு, நாற்பது பேர் வரிசையில் வந்து ஆளுக்குப் பத்து அழுத்து. பிறகு பேனருக்கு முன்னால் குழுப்படம். அந்தக் காலைப் பேச்சைத்தான் ஃபோனுக்கு மாற்றச் சொல்கிறேன். அது போனால் யாருக்கும் நஷ்டமில்லை.

சொல்லப்போனால் சில விஷயங்களை ஃபோன் நம்மைவிட நன்றாகச் சொல்லித்தரும். இதயம் நின்று விழுந்தவர், முதல் சில நிமிடங்கள் கரையில் போட்ட மீன்போல வாயைத் திறந்து திறந்து மூச்சிழுக்கலாம். அதைப் பார்த்து "மூச்சு இருக்கு" என்று எல்லோரும் ஒதுங்கி நிற்பார்கள். அது மூச்சே இல்லை, உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும் என்பதை நீ எவ்வளவு நடித்துக் காட்டினாலும் பதியாது; அரை நிமிடப் படம் ஒன்று பதிய வைத்துவிடும். செய்யக்கூடாதவற்றையும் ஃபோனுக்கே கொடு. அறுபட்ட காயத்தில் காபித்தூள், ஸ்டீம் அயர்ன் சுட்ட கையில் பேஸ்ட், வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவி, மயங்கியவர் வாயில் சோடா. இவை வீட்டில் அம்மாவும் பாட்டியும் தந்த பழக்கங்கள். ஒரு தொழிலாளி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வீடியோவைச் சத்தமாக வைத்துப் பார்த்தால் அம்மாவும் பாட்டியும் சேர்ந்து கேட்பார்கள். சுட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும் என்பது அப்படித்தான் ஒரு குடும்பத்துக்குள் நுழையும். பேண்ட் நைஃபில் விரல் துண்டானால் அதை நேராக ஐஸில் போடக் கூடாது, ஈரத் துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்து, ஆளோடு சேர்த்தே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் படமாகவே காட்டு.

மொழி இன்னொரு காரணம். உன் வகுப்பில் பாதிப் பேர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த பிள்ளைகளாக இருப்பார்கள். நீ தமிழில் பேசும்போது அவர்கள் மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள். ஒடியாவிலும் இந்தியிலும் பாடம் ஃபோனில் கிடைத்தால், பயிற்சி நாளன்று தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களும் ஒரே அறிவோடு வந்து நிற்பார்கள்; பொம்மை முன்னால் மொழி பெரிய தடையாக இருக்காது. ஆனால் மொழிபெயர்ப்பை அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கேட்க வைத்துச் சரிபார்க்காமல் அனுப்பாதே.

கடையில் வாங்கிய பொது வீடியோவோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். அந்தக் கம்பெனிக்குள்ளேயே உன் ஃபோனில் ஒரு சின்னப் படம் எடு. முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கிறது, மெயின் சுவிட்ச் எது, 108-க்குக் கூப்பிட்டால் எந்த அடையாளத்தைச் சொல்ல வேண்டும், சந்து முனையில் யார் போய் நிற்பது, எந்த கேட்டைத் திறப்பது. 2008 செப்டம்பரில் இங்கே 108 ஓடத் தொடங்கியதிலிருந்து ஒரு வண்டி வரும் என்ற நம்பிக்கை நம் மக்களுக்கு வந்துவிட்டது. ஆனால் பின்னல் பின்னலாகச் சந்துகள் ஓடும் ஊரில் டிரைவருக்கு வழி சொல்வதும் முதலுதவிதான்.

இனி கைகளின் கணக்குக்கு வருகிறேன். நிமிடத்துக்கு 100-லிருந்து 120 அழுத்து, 5-லிருந்து 6 சென்டிமீட்டர் ஆழம், ஒவ்வொரு அழுத்துக்கும் நெஞ்சு முழுசாக மேலெழ விட வேண்டும். ஃபோன் பரீட்சையில் இதை எல்லோரும் சரியாக எழுதிவிடுவார்கள். அதே ஆளைப் பொம்மை முன்னால் மண்டியிட வைத்துப் பார். விலா எலும்பு முறிந்துவிடுமோ என்ற பயத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கை இறங்காது. முழங்கை மடங்கும். தோளை நேர்மேலே கொண்டுவந்து நிறுத்தினால்தான் உடம்பின் எடை நெஞ்சில் இறங்கும். அதை நீ பக்கத்தில் உட்கார்ந்து தொட்டுத் திருத்த வேண்டும். முதல் நிமிடம் நன்றாக அழுத்துகிறவரும் இரண்டாவது நிமிடத்தில் தனக்கே தெரியாமல் தளர்வார். அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றச் சொல்கிறோம். அந்தத் தளர்ச்சியை ஒருமுறை தன் உடம்பில் உணராதவர், நெருக்கடியில் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட மாட்டார். ஆகவே ஆளுக்கு முழுசாக இரண்டு நிமிடம், அதுவும் ஒரு தடவைக்கு மேல். நாலு பேருக்கு ஒரு பொம்மையாவது வேண்டும். ஆழத்தைக் காட்டும் விளக்கு உள்ள பொம்மை கிடைத்தால் இன்னும் நல்லது. சி.பி.ஆர். என்கிற இந்த நெஞ்சழுத்தமும் மின் அதிர்வும் இல்லாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7-லிருந்து 10 சதவீதம் வரை குறைகிறது. அரைகுறையாகக் கற்ற கை அந்த நிமிடங்களைத் தின்றுவிடும்.

கத்தவும் கற்றுக்கொடு. "யாராவது வாங்க!" என்று அடிவயிற்றிலிருந்து குரல் எழுப்ப நம் பிள்ளைகளுக்குக் கூச்சம், அதிலும் சூப்பர்வைசர் நிற்கும் ஹாலில். ஓவர்லாக் மெஷின்கள் ஓடும் சத்தத்தில் மெல்லிய குரல் அடுத்த டேபிளைக்கூட எட்டாது. ஒவ்வொருவரையும் எழுப்பி நிறுத்தி, ஒருவரைப் பார்த்துக் கை நீட்டி, "நீங்க 108 கூப்பிடுங்க, நீங்க பெட்டியக் கொண்டாங்க" என்று சொல்ல வை. சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகு இன்னொரு தடவை சொல்ல வை.

பனியன் கம்பெனியில் விழுகிறவர் ஒரு பெண்ணாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆண்கள் தொடத் தயங்குவார்கள். பொது இடத்தில் விழும் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகவே சி.பி.ஆர். கிடைக்கிறது என்று வெளிநாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன. நம் பொம்மைகளோ பெரும்பாலும் தட்டையான ஆண் நெஞ்சோடு வருகின்றன. ஒரு பொம்மைக்குச் சுடிதார் போட்டு, துப்பட்டாவைச் சுற்றிக் கொண்டுபோ. துப்பட்டாவை எப்படி ஒதுக்குவது, கையை எங்கே வைப்பது, சுற்றிலும் பெண்களை எப்படி மறைப்பாக நிறுத்துவது என்பதையெல்லாம் தயங்காமல் செய்து காட்டு. உன்னோடு ஒரு பெண் பயிற்சியாளரைக் கூட்டிப்போ. டெய்லரிங்கிலும் செக்கிங்கிலும் கைமடியிலும் இருக்கும் அக்காக்களைத் தேர்ந்தெடுத்து அவர்களுக்கே முதலில் சொல்லிக்கொடு. பிறகு அவர்கள் ஆண்களையே அதட்டி வேலை வாங்குவார்கள்.

சாயப்பட்டறைக்குப் போனால் ஒரு பாடத்துக்கு மட்டும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கொடு. கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒருவர் மயங்கி விழுகிறார். காப்பாற்ற ஒருவர் இறங்குகிறார், அவரும் விழுகிறார், மூன்றாமவரும் இறங்குகிறார். நம் மாநிலத்தில் இப்படி அடுத்தடுத்து இறந்தவர்களின் செய்தியைப் படிக்காத வருடம் இல்லை. ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டைபோல நாறும். செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாத்தம் போயிருச்சு, எறங்கலாம்" என்று நினைப்பவன் சாவுக்குள் இறங்குகிறான். இந்த விஷயத்தை வீடியோ அழகாக விளக்கிவிடும். ஆனால் உள்ளே கிடப்பது கூடப் பிறந்தவனாகவோ அறைத் தோழனாகவோ இருக்கும்போது, தெரிந்த விஷயம் காலைக் கட்டி நிறுத்தாது. எனவே அதைத் தொட்டியின் விளிம்பில், மூடி போட்ட நிலையில், ஒத்திகை பார். ஒருவர் இறங்க ஓடி வரட்டும். இன்னொருவர் இடுப்பைப் பிடித்து இழுத்து நிறுத்தட்டும். மூன்றாமவர் தீயணைப்பு மீட்புப் படையைக் கூப்பிடட்டும். மூச்சுக் கருவி அணிந்தவர்தான் உள்ளே இறங்க வேண்டும். அடுத்தவனைத் தடுத்து நிறுத்தும் கை ஓர் உயிரைக் காத்த கை என்று அங்கே நின்றே சொல். நல்ல மனசுக்காரர்கள்தான் அந்தத் தொட்டிகளில் செத்திருக்கிறார்கள், தம்பி. அவர்களின் வேகத்தை முட்டாள்தனம் என்று ஒருபோதும் பேசாதே.

வீடியோவைப் பார்த்தார்களா என்ற சந்தேகம் உனக்கு வரும். சிலர் ஓடவிட்டுத் தூங்கியிருப்பார்கள். சிலருக்காக வேறொருவர் பட்டனைத் தட்டியிருப்பார். வருகைப் பதிவை வைத்துச் சண்டை போடாதே. நேரடி வகுப்பு தொடங்கியதும் வணக்கம்கூடச் சொல்வதற்கு முன், முன்பே சொல்லிவைத்த ஒருவரைத் தரையில் விழச் சொல். யார் அசைகிறார்கள், யார் தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறார்கள் என்று பார்த்தால் அன்றைய வகுப்பை எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்துவிடும். வகுப்பையும் கான்ஃபரன்ஸ் ஹாலில் வைக்காதே. பக்கத்து மெஷின்களை மட்டும் நிறுத்திவிட்டு, டேபிள் வரிசைக்கு நடுவில் உள்ள அந்தக் குறுகலான இடத்தில் நடத்து. விழுந்தவரை எந்தப் பக்கம் இழுத்துப் போடுவது என்பதை அங்கேதான் கற்க முடியும்.

சட்டம் பேச வேண்டி வந்தால் சுருக்கமாகப் பேசு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, 150 தொழிலாளர்களுக்கு ஒரு பெட்டியாவது கேட்டது. அதற்குப் பொறுப்பாக முதலுதவி பயின்ற ஒருவர் வேலை நேரம் முழுக்க இருக்க வேண்டும் என்றது. வேலை நேரம் முழுக்க என்றால் ராத்திரி ஷிப்டும் சேர்த்துத்தான். ஆனால் பயிற்சிக்கு அனுப்பப்படுகிறவர்களோ அன்று லைனில் தேவைப்படாத பகல் ஷிப்ட் ஆட்கள். ஒவ்வொரு லைனிலும் ஒவ்வொரு ஷிப்டிலும் ஆள் வேண்டும் என்று பெயர்ப்பட்டியல் கேள். வாட்ச்மேனையும் கேன்டீன் அக்காவையும் விட்டுவிடாதே. "ஃபாரின்லயே எல்லாம் ஆன்லைன்தான்" என்று யாராவது மடக்கினால், கோவிட் காலத்துக்குப் பிறகும் பிரிட்டனின் தொழிற்பாதுகாப்பு அமைப்பு செய்முறைப் பகுதியை நேரில் நடத்தவே வலியுறுத்தியது என்று சொல்.

சான்றிதழில் இரண்டு வருடம், மூன்று வருடம் என்று போட்டிருக்கும், சி.பி.ஆர். கற்ற கை சில மாதங்களிலேயே மறக்கத் தொடங்கும். ஆகவே முதல் ஒப்பந்தத்திலேயே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஷிப்ட் மாறும் வேளையில் பத்து நிமிட ஒத்திகையை எழுதி வாங்கு. அதற்கு முந்தின வாரம் ஃபோனுக்கு ஒரு சின்ன வீடியோ போகட்டும். அன்றே பெட்டியையும் திறந்து பார்க்கச் சொல். பல இடங்களில் அது பூட்டிக் கிடக்கும், சாவி ஆபீஸில் இருக்கும்.

அந்தக் கம்பெனிக்கு மறுபடி போகும்போது முழு நாள் கேட்காதே. பேச்சை ஃபோனுக்குக் கொடுத்துவிட்டு, பன்னிரண்டு பேர் கொண்ட அணிக்கு மூன்று மணி நேரம் கேள். ஒரு லைனையும் முழுதாக நிறுத்த வேண்டியிருக்காது என்பதால் சம்மதிக்க வாய்ப்பு உண்டு. இரண்டு மணி நேரமாகக் குறைக்கச் சொன்னால் அணியை எட்டுப் பேராகக் குறை. ஆளுக்குக் கிடைக்கும் நேரத்தில் கை வைக்காதே. பொம்மை வாங்கும் செலவை நினைத்து மலைக்க வேண்டாம், என்னிடம் இருப்பவற்றை வந்து எடுத்துக்கொண்டு போ. ஒவ்வொருவருக்குப் பிறகும் முகத்தை ஸ்பிரிட்டால் துடை, நுரையீரல் பையை அணிக்கு ஒன்றாக மாற்று. ஒரு பொம்மைக்குக் கழுத்து இறுக்கமாக இருக்கும். தலையைச் சாய்க்கும்போது கொஞ்சம் பார்த்துச் சாய்க்கச் சொல்.

அன்புடன்,
உன் அண்ணன்